பிளேட்லெட் சோதனைக்கு இரண்டு லாபோ ஏறி இறங்கிய கதை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் லாபோவுக்கு, அதாவது இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, 5-க்கு ஒன்றரை. தலைநகரில் இருக்கும் பெரிய மருத்துவமனையின் இரத்த உறைவுப் பிரிவுக்கு 5-க்கு 4. இரண்டுக்கும் பெயர் போடவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டேன். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் சின்னத் தீவு, நாளைக்கு அதே ஆட்களிடம்தான் கையை நீட்ட வேண்டும். ஆனால் இந்தச் சோதனையை யாராவது எழுதிக்கொடுத்து, கையில் சீட்டோடு முழித்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பம் இங்கே இருந்தால், நான் பட்ட அலைச்சல் அவர்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் காரைக்கால்காரன், இந்தத் தீவின் சேன் தாந்த்ரே ஊருக்கு வந்து 22 வருஷம். மனைவி இங்கேயே பிறந்த கிரியோல், அதாவது தீவின் கலப்பினக் குடும்பம். பெரியவளுக்கு 16 வயது, அவளுக்கு சிக்கிள் செல் நோய், சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து உடையும் பரம்பரை நோய். தமிழில் அரிவாள் அணு இரத்தசோகை என்று எழுதுவார்கள், இங்கே ட்ரெபானோசித்தோஸ் என்றால்தான் புரியும். அவளுக்கு இருப்பது அதிலும் ஒரு கலப்பு வகை: அம்மாவிடமிருந்து அரிவாள் அணு மரபணு, என்னிடமிருந்து பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை இரத்தசோகையின் மரபணு. எங்கள் இருவருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. எனக்குச் சின்ன வயதில் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, முருங்கைக்கீரை சாப்பிடு என்று சொன்னதோடு சரி. அந்தக் கீரையின் அர்த்தம் மகள் பிறந்து மூன்றாம் நாள் அவள் குதிகாலில் எடுத்த சொட்டு இரத்தத்தில்தான் தெரிந்தது. இது ஆப்பிரிக்கக்காரர்களின் நோய், நமக்கு வராது என்று இங்கே கோவிலில் பேசிக்கொள்ளும் பெரியவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவில் இதை முதன்முதலாகக் கண்டு எழுதியதே நீலகிரியில், அங்குள்ள பழங்குடி மக்களிடம், 1952-இல், லேமன், கட்புஷ் என்ற இருவர்.

சரி, சோதனை எதற்கு? சிவப்பணுக்கள் சீக்கிரம் சீக்கிரமாக உடைவதால் பித்தப்பையில் கல் சேர்ந்துவிட்டது, இந்த நோயில் அது சகஜம். எடுத்துவிடலாம் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டபோது, போன வருஷம் கடைவாய்ப் பல் பிடுங்கி இரண்டு நாள் இரத்தம் கசிந்ததையும், மூக்கில் அடிக்கடி இரத்தம் வருவதையும் சொன்னோம். உடனே ஓர்தொனான்ஸில் (மருத்துவர் சீட்டில்) எழுதிவிட்டார்: பிளேட்லெட் வேலைத்திறன் சோதனை. இரத்தக் கசிவை அடைக்கும் சின்ன அணுக்களான பிளேட்லெட் ஒன்றோடொன்று எப்படி ஒட்டிக் கூடுகிறது என்று பார்ப்பது.

நம் ஆட்களுக்குப் பிளேட்லெட் என்றாலே டெங்குதான். எத்தனை ஆயிரம் இருக்கிறது, ஏறியதா இறங்கியதா, அவ்வளவுதான் கேள்வி. காரைக்காலிலிருந்து என் அம்மா வாட்ஸ்அப்பில் வந்து, "பிள்ளைக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுடா, மூணு நாளில் ஏறிடும்" என்கிறார். அம்மா, ஏற்கெனவே 4,10,000 இருக்கிறது, ஏறவே வேண்டாம் என்றால் நம்பவில்லை. சாதாரண ஆளுக்கு 1,50,000-இலிருந்து 4,00,000 வரை என்பார்கள். சிக்கிள் செல் உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே மண்ணீரல் சுருங்கிச் செயலிழந்துபோவது அதிகம், பிளேட்லெட்டில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடமே அதுதான் என்பதால் எண்ணிக்கை மேலே நிற்கும். ஆக எண்ணிக்கை தாராளம், ஆனால் பல் பிடுங்கினால் இரத்தம் நிற்கவில்லை. இருக்கிற பிளேட்லெட் வேலை செய்கிறதா என்பதுதான் டாக்டரின் சந்தேகம். எண்ணுவது வேறு சோதனை, வேலையைப் பார்ப்பது வேறு சோதனை. முன்னதை எந்தத் தெருமுனை லாபோவும் பத்து நிமிடத்தில் செய்யும். பின்னதில்தான் நாங்கள் மாட்டினோம்.

இப்போது ஒன்றரை மதிப்பெண் லாபோ. காலை 6.30-க்குத் திறப்பார்கள், 6.10-க்கே வாசலில் பதினைந்து பேர். அந்த அரை மதிப்பெண் வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு, கார்த் வித்தாலை (மருத்துவக் காப்பீட்டு அட்டையை) வாங்கி இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்தார், சிரித்த முகம். அதற்கப்புறம் எல்லாம் சறுக்கல். இரத்தம் எடுத்தவர் சீட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினார். பிறந்ததிலிருந்து ஊசி குத்திய கைகள் அவை, நரம்பு கிடைப்பது லேசில்லை. முதல் குத்தில் வரவில்லை. ஊசியை உள்ளேயே வைத்துத் துழாவினார். இரண்டாவது. மூன்றாவது. மற்றக் கையில் நாலாவதில் வந்தது, பட்டை அதுவரை கட்டியபடியே இருந்தது. நீல மூடிக் குழாயில் முக்கால் அளவுதான் இரத்தம், "பரவாயில்லை, போதும்" என்று அதைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கி, ஐஸ் கட்டி வைத்த பையில் போட்டார். அந்தப் பை பத்து மணி வேனில் ஏறி, தீவின் இன்னொரு முனையில் இருக்கும் அவர்களுடைய பெரிய லாபோவுக்குப் போகுமாம்.

அன்றைக்கு எனக்கு இதில் எதுவும் தப்பு என்று தெரியாது. பிள்ளைக்கு நாலு குத்து என்ற கோபம் மட்டும்தான். இப்போது தெரிகிறது, ஒரு பிளேட்லெட் சோதனையைக் கெடுக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் கால் மணி நேரத்தில் செய்து முடித்திருக்கிறார். பிளேட்லெட்டின் பிழைப்பே காயம் பட்ட இடத்தைக் கண்டால் விழித்து ஒட்டுவது. நரம்பைக் குத்திக் கிளறினால் அது குழாய்க்கு வருமுன்பே விழித்துவிடும். குளிர்ந்தாலும் விழிக்கும், அதனால் ஐஸ் கூடவே கூடாது, அறை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும். குலுக்கவும் கூடாது, மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். நீல மூடிக் குழாய்க்குள் இருக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டுக்கு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு இரத்தம் வேண்டும், குறைந்தால் கணக்கே மாறும். எடுத்த நாலு மணி நேரத்துக்குள் சோதனை முடிந்திருக்க வேண்டும். ஏழரைக்கு எடுத்த இரத்தம் பத்து மணி வேனில் ஏறினால் என்னவாகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சலூட்டியது, ஒரு கேள்வி கேட்கவில்லை: "கடந்த நாட்களில் என்ன மாத்திரை போட்டாய்?" இவள் முந்தின நாள் மாலை வயிற்று வலிக்கு இபுப்ரோஃபேன் போட்டிருந்தாள். இபுப்ரோஃபேன் பிளேட்லெட்டைக் கொஞ்ச நேரம் தூங்கவைக்கும், ஒரு நாளில் தெளிந்துவிடும். ஆஸ்பிரின் என்றால் அந்தப் பிளேட்லெட் சாகும்வரை எழாது, புதியது வந்து இடம் நிரப்ப 7 முதல் 10 நாள் வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், இன்னொரு நாள் வந்திருப்போம்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. ஒட்டும் திறன் குறைவு, தெளிவாகவே குறைவு. கூடவே இன்னொரு சோதனையும் செய்திருந்தார்கள், ஒரு சின்னத் துளை வழியாக இரத்தத்தை இழுத்து, பிளேட்லெட் அந்தத் துளையை எத்தனை விநாடியில் அடைக்கிறது என்று பார்க்கும் இயந்திரம். அதிலும் நேரம் கூடுதல். மயக்க மருந்து டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், கையில் இருந்த காகிதம் அப்படி. ஆனால் வீட்டில் மூன்று நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை, இதுக்கு மேல் இன்னொரு இரத்த நோயா என்று மனைவி இரவெல்லாம் கூகுளில் தேடிக்கொண்டிருந்தாள்.

மகளை வழக்கமாகப் பார்க்கும் இரத்தநோய் டாக்டர் அந்தக் காகிதத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "முசியே, இவள் ஹெமாட்டோகிரிட் எவ்வளவு?" என்றார். இரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற அளவு அது. 24 என்றேன், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தத் துளை அடைக்கும் இயந்திரம் 30-க்குக் கீழே இருக்கும் இரத்தத்துக்குப் பயன்படாதாம். ஓடும் இரத்தத்தில் சிவப்பணுக்கள்தான் பிளேட்லெட்டைக் குழாயின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன, சிவப்பணு குறைவாக இருந்தால் தள்ள ஆளில்லை, நேரம் கூடத்தான் செய்யும். சோகை உள்ள யாரை வைத்தாலும் அந்த இயந்திரம் குறை சொல்லும். இன்னொன்றும் சொன்னார்: தலசீமியாவால் இவளுடைய சிவப்பணுக்கள் மிகச் சின்னவை, அரிவாள் நோயால் உடைந்த துண்டுகளும் உண்டு, அளவை வைத்து எண்ணும் இயந்திரம் அவற்றையும் சில சமயம் பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிடும். 4,10,000-இலும் சில ஆயிரம் கள்ள ஓட்டு இருக்கலாம் என்று நான் வீட்டில் சொன்னேன், மனைவிதான் முறைத்தாள்.

ஆக, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை தலைநகர் மருத்துவமனை. காத்திருப்பு ஐந்து வாரம், வாரத்தில் இரண்டே காலைதான் இந்தச் சோதனை. இங்கே இரத்தம் பயணம் போகாது, ஆள்தான் இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரம் முன்பே போன் வந்தது, பேசிய அம்மாள் இருபது நிமிடம் கேட்டார்: ஆஸ்பிரின் உண்டா, வலி மாத்திரை உண்டா, மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, மூலிகைக் கஷாயம் ஏதாவது, கடைசியாக வலி வந்தது எப்போது, கடைசியாக இரத்தம் ஏற்றியது எப்போது. வலி வந்திருக்கும் நாட்களில் எடுத்தால் முடிவு வேறுமாதிரி இருக்குமாம், அதனால் கடைசி வலி போய்ச் சில வாரம் ஆகியிருக்க வேண்டும். முதல் நாள் இரவு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், காலையில் காப்பி வேண்டாம், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கச் சொன்னார். அந்த வாரம் பார்த்து நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம், சமோசாவும் போன்போன் பிமான் என்ற மிளகாய் வடையும் மலைபோல் குவிந்திருக்க இவள் தட்டில் வெறும் சோறும் பருப்பும். என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

விடியற்காலை ஐந்தே காலுக்குக் கிளம்பினோம், இல்லையென்றால் சேன்த் மரி தாண்டுவதற்குள் சாலையிலேயே எட்டாகிவிடும். போய்ச் சேர்ந்ததும் இருபது நிமிடம் சும்மா உட்காரவைத்தார்கள். ஓடி வந்த மூச்சோடு எடுக்கக்கூடாதாம். கையில் சுடுநீரில் நனைத்த துண்டைச் சுற்றினார்கள். இன்ஃபிர்மியேர் (நர்ஸ்) அம்மா வயதில் மூத்தவர், கிரியோல் மொழியில் பேசிக்கொண்டே விரலால் தடவித் தடவி நரம்பைத் தேடினார், பார்க்கவே இல்லை, தடவல் மட்டும்தான். ஒரே குத்து. பட்டையை நரம்பு கிடைத்ததும் தளர்த்திவிட்டார். முதல் குழாயை வேறு சோதனைக்கு ஒதுக்கி, அடுத்து வந்ததைத்தான் இதற்கு வைத்தார், குத்திய இடத்தின் கலவரம் முதல் குழாயோடு போகட்டும் என்று. குழாய்களைக் கோடு வரை நிரப்பி, மெதுவாக நாலைந்து முறை திருப்பி, தட்டில் வைத்துக் கையாலேயே எடுத்துப்போனார். மருத்துவமனைக்குள் குழாய்களைக் காற்றால் உறிஞ்சி அனுப்பும் வசதி இருக்கிறது, ஆனால் இதற்கு அது ஆகாது, அந்தக் குலுக்கலே போதும் கெடுக்க.

நான் கேட்டதற்காக, டெக்னீசியன் பையன் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்க விட்டான். எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று நினைக்காதீர்கள், அன்று கூட்டம் இல்லை. இரத்தத்தை மெதுவாகச் சுழற்றினால் சிவப்பணு அடியில் போய்விடும், மேலே பிளேட்லெட் மிதக்கும் கலங்கலான மஞ்சள் நீர் நிற்கும், நீராகாரம்போல இருக்கும். அதை 37 டிகிரியில் வைத்துக் கலக்கிக்கொண்டே ஒரு பக்கம் வெளிச்சம் அடிக்கிறார்கள். கலங்கலாக இருக்கும்வரை வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது. ஒரு சொட்டு மருந்து விட்டதும், பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டித் திரள ஆரம்பிக்க, நீர் தெளிந்து வெளிச்சம் பாய்கிறது, திரையில் கோடு ஏறுகிறது. பால் திரிந்தால் தண்ணீர் தெளிந்து நிற்குமே, அதேதான். 1962-இல் பார்ன் என்பவர் கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் இதுதான் உரைகல். ஏ.டி.பி., கொலாஜன், அராக்கிடோனிக் அமிலம், ரிஸ்டோசெட்டின், அட்ரினலின் என்று பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாக விட்டார்கள். மகளுக்கு இதில் சுவாரஸ்யமே இல்லை, போனில் மூழ்கிவிட்டாள். நான்தான் கிரிக்கெட் ஸ்கோர்போல ஒவ்வொரு கோட்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடிவு: அட்ரினலினுக்கு மட்டும் கொஞ்சம் மந்தம், மற்றதெல்லாம் சரி. அறுவை சிகிச்சைக்குத் தடையில்லை.

குறைகளும் சொல்ல வேண்டுமே. காத்திருக்கும் அறையில் ஏசியை அப்படி வைத்திருக்கிறார்கள், எனக்கே பல் கிட்டியது. சிக்கிள் செல் பிள்ளைகளுக்குக் குளிர் பட்டாலே வலி கிளம்பும், மலைமேல் குளிரான பிளேன் தெ காஃப்ர் பக்கம் சுற்றுலா போவதென்றால்கூட நாங்கள் மூட்டை மூட்டையாகக் கம்பளி எடுத்துப்போவோம். இரத்தநோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களை ஐஸ்பெட்டியில் உட்காரவைப்பது என்ன நியாயம்? சொன்னேன், "எங்கள் கையில் இல்லை, மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே இயந்திரம்" என்றார்கள். ஸ்வெட்டரும் சால்வையும் கட்டாயம் எடுத்துப்போங்கள், தண்ணீரும்தான், அந்த மாடியில் குடிநீர் இயந்திரம் வேலை செய்யவில்லை. கார் நிறுத்த இடம் தேடி அரை மணி. அப்புறம் முடிவுக் காகிதத்தில் ஆறு வளைகோடும் நாலு வரியும்தான் இருக்கும், விளக்கிச் சொல்ல டாக்டரைப் பார்க்கும்வரை பொறுக்க வேண்டும். அந்த ஒரு மதிப்பெண் இதற்கெல்லாம் சேர்த்துப் போனது.

டாக்டரைப் பார்த்தபோது என் மனதில் இருந்ததைக் கேட்டேன். சிக்கிள் செல்லில் பிளேட்லெட் எப்போதும் கிளர்ந்தே இருக்கும், அதுவும் சேர்ந்துதான் நரம்பை அடைத்து வலியைக் கொடுக்கிறது என்று படித்தேனே, இங்கே மந்தம் என்று வருகிறதே, எது உண்மை? இரண்டும்தான் என்றார். உடைந்த சிவப்பணுவிலிருந்து கசியும் ஹீமோகுளோபின், நரம்பைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுகிறது. பிளேட்லெட்டை அமைதியாக வைத்திருப்பதும் அந்த நைட்ரிக் ஆக்சைடுதான். கூடவே சிவப்பணுவிலிருந்து ஏ.டி.பி.யும் கொட்டுகிறது, அது பிளேட்லெட்டைத் தட்டி எழுப்பும். இப்படி நாள் முழுக்க உடம்புக்குள் எழுப்பிவிடப்பட்டுத் தன் சரக்கில் பாதியைக் கொட்டிவிட்ட பிளேட்லெட், குழாயில் வைத்து மறுபடி எழுப்பினால் சோர்ந்துதான் பதில் சொல்லும், இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவனை மாடு கறக்கச் சொன்ன மாதிரி. (மாடு என் சேர்க்கை, டாக்டர் சொன்னதில்லை.) அதனால்தான் ஆராய்ச்சிகளிலும் சிலதில் ஒட்டும் திறன் கூடுதல், சிலதில் குறைவு என்று மாறி மாறி வருகிறதாம்.

அப்படியானால் பிளேட்லெட்டை அடக்கும் மாத்திரை கொடுத்தால் வலி குறையுமே என்றேன். எனக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை அது. பிராசுகிரெல் என்ற மருந்தை 2 முதல் 17 வயது வரையுள்ள 341 பிள்ளைகளிடம் சோதித்து 2016-இல் முடிவு வெளிவந்தது, வலி வரும் எண்ணிக்கையில் சொல்லும்படியான குறைவு இல்லை. டிகாக்ரெலார் என்ற இன்னொரு மருந்தும் அப்படியே கைவிட்டது. பிளேட்லெட்டின் மேலும் நரம்புச் சுவரிலும் முளைக்கும் பி-செலெக்டின் என்ற பசையைத் தடுக்கும் கிரிசான்லிசுமாப் ஊசி 2017-இல் பெரிய நம்பிக்கை கொடுத்தது, அடுத்த பெரிய சோதனையில் அந்தப் பலன் வரவில்லை, 2023-இல் ஐரோப்பாவில் அனுமதியையே எடுத்துவிட்டார்கள். பிரான்ஸ் மாகாணம் என்பதால் நமக்கும் அதே சட்டம். ஆகவே இந்த நோய்க்குக் கொடுக்கும் பழைய ஹைட்ராக்சியூரியா மாத்திரைதான் தொடர்கிறது, அது பிளேட்லெட் எண்ணிக்கையையும் சேர்த்தே கொஞ்சம் இறக்கும். இந்தச் சோதனையை வைத்து அடுத்த வலி எப்போது வரும் என்று யாராவது ஜோசியம் சொன்னால் நம்பாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால், காரணம் தெரியாத இரத்தக் கசிவுக்கு, அவ்வளவுதான் இதன் உபயோகம்.

பித்தப்பை போன மாதம் எடுத்தாயிற்று. முன்னாலேயே இரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினை 10-க்குக் கொண்டுவந்தார்கள், இரத்தப்போக்கு ஒன்றும் இல்லை, நாலு சின்னத் தழும்பு. மருத்துவமனையில் கையிலிருந்து ஒரு சாந்தீம் செலவில்லை, நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் நூற்றுக்கு நூறு காப்பீடு. எங்கள் ஊர் லாபோவிலிருந்துதான் நேற்று ஒரு கடிதம், அந்தத் துளை அடைக்கும் சோதனை காப்பீட்டில் வராது, பணம் பாக்கி என்று. மேசைமேல் அப்படியே கிடக்கிறது. மகள் அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறாள், வட்டமாகக் கறை.